‘கோ’ எப்படி ‘வென்ட்’ ஆயிற்று?

வணக்கம். சென்ற காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாள்களாக என்னை விடவில்லை. மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் ஆங்கிலத் தேர்வில் ‘சென்றேன்’ என்பதற்கு, ‘கோ’ என்ற வினையோடு ‘எட்’ சேர்த்து ‘கோ-எட்’ என்று எழுதினாள் என்றும், ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்து ‘வென்ட்’ என்று திருத்தினார் என்றும், “ஏன் அப்படி?” என்று குழந்தை கேட்டபோது தமக்கு விடை தெரியவில்லை என்றும் ஒரு தாயார் எழுதியிருந்தார். அம்மா, மதிப்பெண் போனது போகட்டும். ‘கோ-எட்’ என்று உங்கள் மகளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். விதியைத் தானே கண்டுகொண்ட குழந்தைதான் அப்படி எழுதும். நான் படித்த பள்ளியில் ‘கோ, வென்ட், கான்’ என்று வாய்ப்பாடு போலப் பாடினோம். காரணம் கேட்டதற்குக் கிடைத்த விடை, பெஞ்சின்மேல் ஏறி நிற்பது.

‘வென்ட்’ என்பது ‘கோ’ பெற்ற பிள்ளையே அன்று. அது தத்து வந்த பிள்ளை. அதைப் பெற்றெடுத்தவள் ‘வெண்டு’ என்னும் வேறொரு வினை. ஆங்கிலத்தில் ‘டி’ (d) என்ற எழுத்தில் முடியும் அந்த வினைக்கு முதலில் ‘திருப்புதல்’ என்றே பொருள். முறுக்குதல், சுற்றுதல் என்று பொருள்படும் ‘வைண்டு’ அதன் நெருங்கிய உறவு. காலடியை ஒரு பக்கம் திருப்புகிறவன் அந்தப் பக்கம் போகிறான் அல்லவா? அப்படித்தான் அதற்குப் ‘போதல்’ என்ற பொருளும் வந்து சேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், இங்கிலாந்தின் மூலைமுடுக்குகளிலிருந்து கான்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்களைப் பாடும்போது இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார். ‘ஸெண்டு’ ‘ஸென்ட்’ ஆவது போல, ‘லெண்டு’ ‘லென்ட்’ ஆவது போல, ‘வெண்டு’ ‘வென்ட்’ ஆயிற்று. அந்த வீட்டில் அது முறையாகப் பிறந்த பிள்ளை.

அப்படியானால் ‘கோ’வுக்கு அதற்கு முன் இறந்தகாலமே இல்லையா என்றால், இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘எயோடெ’ என்ற வடிவம் வழங்கியது. இதைக் கேட்டவுடன் நம் ‘ஓடு’தான் அங்கே போயிருக்கிறது என்று எழுத விரல் துடிப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும், ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சான்றாகாது என்று இந்த மேசையிலிருந்து எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! ‘எயோடெ’யும்கூட வேறொரு வேரிலிருந்து வந்ததே, அதாவது ‘கோ’ அதற்கு முன்பே ஒரு முறை தத்தெடுத்திருந்தது. பிற்காலத்தில் ‘யேட்’, ‘யோட்’ என்றெல்லாம் தேய்ந்த அந்த மூத்த தத்துப்பிள்ளையை, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்தில் ‘வென்ட்’ வெளியேற்றிவிட்டது. வடக்கே ஸ்காட்லாந்தில் வேறு வழி கண்டார்கள்: ‘கே’ என்ற தங்கள் வினையோடு இறந்தகால ஈற்றை ஒட்டிக் ‘கேட்’ என்றார்கள். உங்கள் மகள் செய்ததும் அதுதான், அம்மா. அவள் பிறந்த இடம்தான் சற்றுத் தள்ளிப் போய்விட்டது. பிள்ளையைத் தத்துக் கொடுத்த ‘வெண்டு’வோ ‘வெண்டெட்’ என்று புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு, இன்று ஓரிரு தொடர்களில் மட்டும் முதுமையைக் கழிக்கிறாள்.

இத்தனை கோணலான சொல்லை ஏன் ஒருவரும் நேராக்கவில்லை என்பது அடுத்த ஐயம். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு என் விடை தெரியும்: அதிகம் புழங்கும் சொல்தான் விதிக்கு அடங்காது. ‘ஹெல்ப்’ என்ற வினைக்கு முன்பு ‘ஹோல்ப்’ என்ற இறந்தகாலம் இருந்தது. அது மறைந்து ‘ஹெல்ப்ட்’ வந்துவிட்டது. 2007இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், பழைய ஆங்கிலத்தில் விதிமீறிய 177 வினைகளை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தபோது, இன்று 98 மட்டுமே அப்படியே இருந்தன. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு விரைவாக விதிக்குள் வந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. நாள்தோறும் காதில் விழும் வடிவத்தைக் குழந்தை மறப்பதற்கு வாய்ப்பே இல்லை. எப்போதோ விழுவதைத்தான் அது விதியைக் கொண்டு இட்டு நிரப்புகிறது. ஸ்பானிய மொழியில் ‘போனேன்’ என்பதற்கும் ‘இருந்தேன்’ என்பதற்கும் ‘ஃபுய்’ என்ற ஒரே சொல்தான்; அங்கும் அது ‘இரு’ என்னும் வினையின் வீட்டிலிருந்து வந்த தத்து. நம் வீட்டையும் பாருங்கள்: ‘வா’ என்கிறோம், ‘வருகிறான்’ என்கிறோம், ‘வந்தான்’ என்கிறோம், ‘சாகிறான்’ என்பவன் ‘செத்தான்’ ஆகிறான். வேர் ஒன்றே என்றாலும், அயலார் ஒருவர் தமிழ் கற்க வந்தால் இங்கேதான் தலையில் கை வைக்கிறார்.

உண்மையைச் சொன்னால், ‘கோ’வைப் பற்றி நீங்கள் வேறொன்றைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. ‘மழை பெய்யப் போகிறது’ என்கிறோமே, மழை எங்கே போகிறது? ஆங்கிலக்காரரும் ‘கோயிங் டு’ என்று இதையே சொல்கிறார். ஒருவரைச் சந்திப்பதற்காக உண்மையிலேயே நடந்து போகிறவர் சொன்ன தொடர் அது. போகிற கால் நின்று, நோக்கம் மட்டும் மிஞ்சியபோது எதிர்காலம் ஆயிற்று. ‘டாக்டரைப் பார்க்கப் போகிறேன்’ என்று நாம் சொன்னால், செருப்பு மாட்டிக்கொண்டுவிட்டோமா, எண்ணம் மட்டும்தானா என்று எதிரில் இருப்பவருக்கு இன்றும் விளங்காது. ஆங்கிலத்தில் அந்த எதிர்காலத் தொடர் பேச்சில் ‘கொன்னா’ என்று சுருங்கிவிட்டது. ஆனால் ‘மதுரைக்குப் போகிறேன்’ என்பதற்கு ‘கொன்னா’ போட்டால் அங்கே சிறுபிள்ளைகூடச் சிரிக்கும். நாமோ மதுரைக்கும் ‘போறேன்’ என்கிறோம், மழைக்கும் ‘பெய்யப் போகுது’ என்கிறோம்.