குழாயை இறக்குங்கள், பக்கத்து வீட்டில் பேசுங்கள்

(பாளையங்கோட்டைப் பக்கம் சில சபைகள் சேர்ந்த ஒரு திருச்சபைச் சேகரத்தின் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பேசியது)

தலைமை தாங்கும் சேகரகுருவானவர் ஐயா அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். பஞ்சாயத்துத் தலைவர் அம்மா நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் நம் அசன விருந்துக்குத் தண்ணீர் வண்டி அனுப்பத் தவறியதே இல்லை. அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

நம்முடைய விசுவாசத்தை அன்றாடப் பேச்சில் இயல்பாகச் சொல்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். வீட்டில், வேலையிடத்தில், தெருவில் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று: நயத்திலாகிறது பயத்திலாகாது.

வீட்டுக் காரியம் உங்களுக்கே தெரியும். குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளையை அதட்டி உட்காரவைத்தால் அவன் ஆமென் எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பான். வேலையிடத்தில் நிலைமை வேறு. இருபது வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்தவரைக் கிறிஸ்தவர் என்று டிசம்பர் மாதம் கேக் வரும்போதுதான் பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிகிறது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பற்றிப் பேசும்போது "ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதையும் விழுங்கிவிடுகிறோம். இதை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். இப்போது தெருவுக்கு வருகிறேன், அங்கேதான் எனக்குச் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

என் அத்தை ஒருத்தி பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகு, பக்கத்தில் நனைத்த இலை, கையில் கத்தரி. அவளோடு திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவள் அடுத்த வீட்டுக்காரி. அவர்கள் குடும்பம் இசக்கியம்மன் கோயில் கொடை விழாவுக்கு வரி கொடுக்கிற குடும்பம். இரண்டு பேரும் பேசாத பேச்சு கிடையாது. இலை சரியில்லை, கடைக்காரன் கழிவு என்று தள்ளுகிறான், மகள் மாப்பிள்ளை வீட்டில் சண்டை, எல்லாம் வரும். ஒரு வருடம் நம் கன்வென்ஷன் கூட்டங்கள் வந்தன. வாலிபர்கள் ஒலிபெருக்கிக் குழாயை எங்கே கட்டினார்கள் தெரியுமா? அடுத்த வீட்டு வாசல் வேப்பமரத்தில், ஜன்னலைப் பார்த்து. உள்ளே அவளுடைய மாமியார் படுத்த படுக்கை. முதல் நாள் கூட்டம் முடியும்வரை அந்தக் கிழவி கண் மூடவில்லை.

மறுநாள் காலையில் என் அத்தை சுளகை இறக்கி வைத்துவிட்டு நேரே மரத்தடிக்குப் போனாள். "இதை அவுருங்கலே" என்றாள். பையன்கள் விடுவார்களா? "அத்தை, சுவிசேஷம் அவங்க காதுலயும் விழ வேண்டாமா?" என்று கேட்டார்கள். அத்தை சொன்னாள்: "அவளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். நீ கட்டை அவுரு." நின்று அவிழ்க்கவைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

அன்றைக்கு மத்தியானம் அடுத்த வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, குழாயை எறக்கிட்டியளே, ஒங்க சாமி கோவிச்சுக்கிட மாட்டாரா?"

"எங்க சாமிக்குக் காது நல்லாவே கேக்கும்ளா" என்றாள் அத்தை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவளே கேட்டாள்: "ராத்திரி வெளக்கணைச்சப்புறம் முணுமுணுன்னு என்னமோ சொல்லுதியே, அது என்ன?" தெருவில் உள்ளவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபம் பண்ணுகிறேன் என்று அத்தை சொன்னாள். "எங்க மாமியார் பேருமா?" "அவ பேருதான் மொதல்ல."

அன்றைக்குத்தான் இயேசு யார், ஏன் அவரிடம் பேசுகிறாய் என்ற கேள்விகள் அந்தத் திண்ணையில் வந்தன. அத்தை தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததை விட்டுவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி இன்றைக்கும் கொடைக்குப் போகிறாள். மகன் பரீட்சைக்குப் போகும்போது "யக்கா, ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறாள். நயத்திலாகிறது பயத்திலாகாது.

இது புதுசு இல்லை. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார். அவரும் அவருடைய தோழர்களும் 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் உங்கள் தெய்வம் எது, வழக்கம் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வந்த பதில் கடிதங்களை ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். நாம் முந்நூறு வருடம் கழித்து, அடுத்த வீட்டுக்காரரை ஒரு கேள்வி கேட்காமல் அவர் ஜன்னலுக்கு நேராகக் குழாய் கட்டுகிறோம். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத்தான் பேதுரு எழுதினார். குழாயிடம் யாரும் கேள்வி கேட்க முடியாதே, ஐயா!

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல், அவ்வளவுதான் அளவு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவ சபையின் வழக்கில்தான், பிறர் அமைதியைக் குலைத்து ஜெபம் பண்ணும்படி எந்த மதமும் போதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. நம் சபைகளில் ஒன்றை வைத்து நாட்டுக்கே சொல்லவேண்டி வந்ததே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

தலைவர் ஐயா மணி அடித்துவிட்டார். வேலையிடத்தைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை, மன்னியுங்கள். என் வேண்டுகோள் இதுதான். வருகிற அசனப் பண்டிகையிலிருந்து மரத்திலும் கம்பத்திலும் குழாய் வேண்டாம். பந்தலுக்குள் கேட்கிற அளவுக்கு இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டி போதும். மிச்சமாகும் வாடகைப் பணத்தை வீடு சந்திப்புக்கு வைப்போம். வாலிபர்கள் இரண்டிரண்டு பேராகப் போகட்டும், துண்டுப்பிரசுரம் இல்லாமல், சுகம் விசாரிக்கப் போகட்டும். தீர்மானத் தாள் வாசலில் மேசைமேல் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் மூப்பர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே சேகரகுருவானவர் ஐயாவிடம் கொடுத்துவிடலாம்.