பெயர்ப்பலகைக்கு முன்னால் ஒரு மாணவன்

(சொந்தமாகப் பயிற்சி வகுப்பு தொடங்க நினைக்கும் பட்டதாரிகளிடையே, கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மின்விசிறி எனக்கு வேண்டாம், அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். கடைசி வரிசையில் வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிஎன்பிஎஸ்சி வகுப்பு தொடங்கப்போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னது ஓர் ஆனி மாதம். "ஆடியில் வேண்டாம்" என்றார் அம்மா. சரி என்றேன். ஆவணியில் பெயர் முடிவாகவில்லை. புரட்டாசியில் பெயர் கிடைத்தது, எண் ஜோதிடத்துக்கு ஒத்துவரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயலைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். மழை என்று காரணம் சொன்னால் இங்கே யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். மார்கழியில் புதுக் காரியம் கூடாது. தை பிறந்தது. வழி பிறக்கவில்லை, ஐந்நூறு விசிட்டிங் கார்டு பிறந்தது. அலை ஓய்ந்து தலை முழுகுகிற கதையை நான் எடுக்கப்போவதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் வளர்ந்தவர்களிடம் அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இந்த மாதங்களில் நான் சும்மா இருந்ததாக நினைக்காதீர்கள். தினமும் நள்ளிரவு வரை குறிப்பு எழுதினேன். சிந்துவெளி நாகரிகத்தில் தொடங்கி 140 பக்கம். தலைப்புக்குச் சிவப்பு, ஆண்டுக்குப் பச்சை, மற்றதற்கு நீலம். ஒருவருக்கும் ஒரு வரி சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் களைப்பு உண்மையானது. இதில்தான் ஆள் ஏமாந்துபோகிறான். சோம்பேறிக்குத் தன் சோம்பல் தெரியும். தயாராகிக்கொண்டே இருப்பவனுக்கோ ஊரிலேயே அதிகம் உழைப்பவன் தான்தான் என்ற நினைப்பு.

எனக்குப் பாடம் தெரியாது என்ற பயம் இல்லை. பலகை மாட்டி, யாரும் வராமல் போய், அதை எதிர்ப்புற டீக்கடைக்காரர் தினமும் பார்ப்பாரே என்ற பயம்தான்.

பங்குனியில் ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "என் தம்பிக்குக் கணக்கு வரவில்லை. கொஞ்சம் சொல்லிக்கொடுப்பாயா?"

"பலகை எழுதக் கொடுத்திருக்கிறேன் அக்கா, வந்துவிடட்டும்."

"பலகையா அவனுக்குக் கணக்கு சொல்லப்போகிறது?"

மறுநாள் மாலை ஏழு மணிக்கு அவன் வந்தான். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிற பையன். கணக்கு கேட்டு வந்தவனுக்கு நான் மொகஞ்சதாரோவில் ஆரம்பித்தேன், எழுதிவைத்தது வீணாகக் கூடாதல்லவா. மூன்றாம் பக்கத்தில் அவன் தூங்கிவிட்டான். கையில் பேனா அப்படியே நின்றது. எழுப்பினால், "மன்னித்துவிடுங்கள் அண்ணா, காலை நாலு மணிக்கு எழுந்தது" என்றான். மூன்று நிற மையில் எழுதிய 140 பக்கத்தில் இதற்கு விடை இல்லை. வேலை இல்லாத நாட்களிலும் மதிய ஷிப்ட் நாட்களிலும் விடியற்காலை ஐந்தரைக்கு வகுப்பு என்று மாற்றினோம்.

பிறகு சதவீதம். ஒரு விலையை 20 சதவீதம் கூட்டி, அடுத்து 20 சதவீதம் குறைத்தால் பழைய விலை வருமா? வரும் என்றான். சூத்திரம் சொன்னேன். தலையை ஆட்டினான், புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவன் அம்மா முதுநகரில் மீன் விற்பவர். "ஆயிரம் ரூபாய்க் கூடையை 1,200 ஆக்கிவிட்டு, அந்த 1,200இல் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிக்கொடுத்தால் அம்மா என்ன சொல்வார்?" என்று கேட்டேன். "திட்டுவார் அண்ணா, 960தானே வரும், நாற்பது ரூபாய் நஷ்டம்" என்றான். காகிதம் எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து என் சதவீதப் பாடம் கூடையில்தான் தொடங்குகிறது.

அதற்காகப் படிக்காமல் போய் நில்லுங்கள் என்று சொல்லவில்லை. தவறான விடையைச் சொல்லிக்கொடுத்தால் வேலை போவது அவனுக்கு. ஒரு வாரப் பாடம் முழுதாகக் கையில் இருக்கட்டும். எது முதலில் என்பதையாவது பாருங்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், அதில் 100 தமிழ், கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழில் 150க்கு 60 மதிப்பெண் வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இது தெரிந்தும் நான் சிந்துவெளியில் ஆரம்பித்தேன் என்றால், எனக்குப் பிடித்ததை எழுதிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம்.

பதிவு, வரி என்று சிலர் தயங்குகிறீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. மாதம் 500 ரூபாய் வீதம் ஆண்டு முழுவதும் வாங்கினால் அதற்கு 334 பேர் வேண்டும். அந்தக் கவலை உங்களுக்கு வரட்டும், நானே வந்து மாலை போடுகிறேன். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம், ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் இலவசமாகவே முடிந்துவிடும். பயிற்சி மையங்களுக்கென மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கூட 50 மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் மையம் என்கிறது. ஒருவரையும் சேர்க்காமல் நாம்தான் நம்மை மையம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

கட்டணம் கேட்க நாக்கு எழாது. எனக்கும் எழவில்லை. முதல் மாதம் இலவசம் என்றேன், ஆறு பேர் சேர்ந்தார்கள், மழை தூறினால் ஒருவரும் வரமாட்டார்கள். 300 ரூபாய் என்றதும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மீதி நான்கு பேர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு சகோதரி என்னிடம் பேசினார். பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள் என்று அனுமதி தந்திருக்கிறார். ஆங்கிலப் பேச்சு வகுப்புக்காக எட்டு மாதமாகப் பாடத்திட்டம் எழுதுகிறாராம். எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் தினமும் மாலை ஆறு மணிக்கு இவரிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறாளாம். அதை இவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வீடு திருப்பாதிரிப்புலியூரில்.

இப்பொழுது மணி ஐந்தேகால். நான் முடித்துக்கொள்கிறேன், அவருக்கு பஸ் பிடிக்க வேண்டும்.