விருந்து வைக்கத் தெரிந்த நாம் விருந்துக்குப் போகிறோமா?

(ஆண்கள் ஐக்கியமும் பெண்கள் ஐக்கியமும் சேர்ந்து நடத்திய சேகரக் கூட்டத்தில் (சேகரம்: ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குருவானவர் அவர்களே, சேகரக் கமிட்டியாரே, சபையின் பெரியோரே, வாலிபத் தம்பி தங்கையரே, அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

பிற சமயத்தாரோடு நட்புறவு என்ற தலைப்பைக் கொடுத்து என்னை அழைத்திருக்கிறீர்கள். திருநெல்வேலிச் சீமையில் இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். உவரி அந்தோணியார் கோயிலுக்கு நேர்ச்சை வைத்து வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். அதே உவரியில்தான் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் இருக்கிறது. பொட்டல்புதூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் போகிறார்கள். நம் ஆலயத்தில் எல்லோருக்கும் விருந்து வைக்கும் அசனப் பந்தியில் உட்காருகிறவரிடம் யாரும் சமயம் கேட்பதில்லை. பழக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. பழக்கம் இருப்பதனாலேயே நட்பும் இருக்கிறது என்று நாமாக முடிவு கட்டிக்கொண்டோம் என்பதுதான் என் வருத்தம்.

பள்ளிக்கூடம் வைத்தோம், ஆஸ்பத்திரி வைத்தோம், பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பாளையங்கோட்டையில் பள்ளிகள் நடத்துகிறோம், கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீடுகளுக்குக் கேக்கும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறோம். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் இவை ஒவ்வொன்றிலும் கொடுக்கிற கை நம்முடையதாகவே இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குப் போய் அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளவும், அவருடைய நம்பிக்கையைப் பற்றி அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நாம் அவ்வளவாகப் பழகவில்லை. கொடுத்துக்கொண்டே இருப்பவரை ஊர் மதிக்கும். ஆனால் தன் வீட்டுக் கவலையைச் சொல்ல அவரைத் தேடி வராது.

நம் சபைகளின் முன்னோடிகள் இப்படி இருக்கவில்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரைச் சபைகளை நாட்டியவர் என்று நினைவுகூர்கிறோம். திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்ற வைணவப் பெயர் தாங்கிய புலவரிடம் அவர் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கம்பனில் ஊறியவரும் பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் பாடியவருமான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, வைணவராகவே சாயர்புரத்து மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியராக வந்தார். அவர் ஞானஸ்நானம் பெற்றது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1858இல். அதே சாயர்புரத்தில் முன்பு பணியாற்றிய மிஷனரி ஜி. யு. போப் ஐயர் 1886இல் திருக்குறளையும், எண்பது வயது நிறைந்த 1900இல் சைவர்கள் உருகிப் பாடும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சுவிசேஷத்துக்காகத்தானே இவர்கள் தமிழ் கற்றார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தொடக்கம் அதுதான். ஆனால் எண்பது வயதில் ஒருவர் மாணிக்கவாசகரோடு அத்தனை காலம் உட்கார்ந்திருக்க வேண்டுமானால், அந்த பக்தியின் மேல் உண்மையான மதிப்பு இருந்திருக்க வேண்டும்.

சுவிசேஷம் சொல்வது சபையின் ஊழியம்; அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் ஒருவரோடு பழகும்போதே, இவரை எப்போது ஆலயத்துக்கு அழைத்து வரலாம் என்று உள்ளுக்குள் நாள் பார்த்துக்கொண்டிருந்தால், அது அவருக்குத் தெரியாமல் போகாது. நம் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வார்கள்.

பிரசாத விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் சங்கடம் தொடங்குவது அங்கேதான். அழைத்தவர் வீட்டில் வைத்ததை விசாரணை செய்யாமல் சாப்பிடுங்கள் என்றும், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் சாப்பிடாதிருங்கள் என்றும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் அடுத்தடுத்து வருகிறது. அவரவர் மனச்சாட்சிப்படி நடந்துகொள்ளுங்கள். அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் தலை மறைந்ததும் கொண்டுபோய்க் கொட்டுகிறோமே, அதைவிட வாசலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. “அண்ணாச்சி, சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடுறதில்ல, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க, வீட்டு விசேஷத்துக்குக் கட்டாயம் வாரோம்” என்று சொன்னால் எந்த அண்ணாச்சியும் கோபித்துக்கொள்ள மாட்டார். சொன்னபடி விசேஷத்துக்குப் போகவும் வேண்டும். தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பாமல், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.

அசனமும் அப்படித்தான். மேலப்பாளையத்து முஸ்லிம் நண்பர்களை அழைத்தோம், வந்தார்கள், வாழ்த்தினார்கள், சாப்பிடாமல் போய்விட்டார்கள் என்று குறைப்படுகிறோம். ஆட்டை அறுத்தது யார் என்று நாம் யோசித்தோமா? முஸ்லிம் ஒருவர் அவர்கள் முறைப்படி அறுத்துக் கொடுத்தால் அந்த ஆட்டை நாமும் சாப்பிடலாம், அவர்களும் சாப்பிடலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் வைக்க நமக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுக்கும்போது, தூக்குவாளியோடு பிள்ளைகளை அனுப்புவதோடு நிறுத்தாமல், பெரியவர்களும் ஒருநாள் போய் வரலாம்.

கடைசியாக ஒலிபெருக்கி. கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்ட மேடையில் பேசுவது கூடாரத்துக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்பதில்லை. அயலார் கும்பிடும் தெய்வத்தை இழித்துப் பேசும் ஒரு வாக்கியம், கோயில் தெருவிலும் பள்ளிவாசல் தெருவிலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் காதில் போய் விழுகிறது. மறுநாள் காலை அதே மனிதரிடம்தான் நாம் காய்கறி வாங்குகிறோம். பக்கத்து மாவட்டத்தில் 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கலவரம் மூண்ட நாளில் நட்பைப் புதிதாகத் தேட முடியாது. அன்றைக்குத் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கக்கூடியவர் நமக்கு முன்பே பழக்கமாயிருக்க வேண்டும்.

ஆகவே, கன்வென்ஷனுக்கு வரும் பிரசங்கிமாரிடம் இதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவது என்றும், ஒலிபெருக்கிகளைக் கூட்டம் நடக்கும் இடத்தை நோக்கி மட்டும் கட்டுவது என்றும் வருகிற சேகரக் கமிட்டியில் தீர்மானம் வைக்கும்படி குருவானவரைக் கேட்டுக்கொள்கிறேன். அசனத்துக்கு ஆடு வாங்கும் பொறுப்பில் இருக்கும் அண்ணாச்சிமார், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்; மேலப்பாளையத்தில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.