கிணறு யார் பேரில் இருக்கிறது?

(போரூர் பக்கம் ஒரு குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பின்வரிசையில் கேட்கிறதா? சரி.

உங்கள் செயலாளர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். லே-அவுட் போட்டவரிடமிருந்து கிணறு, டேங்க், தெருக் குழாய் எல்லாவற்றையும் சங்கமே வாங்கிக்கொள்ளப் போகிறது, எவ்வளவு கொடுக்கலாம் சார் என்று கேட்டார். முப்பது வருடம் பம்ப் ஹவுஸில் குப்பை கொட்டியவன், உடனே ஒரு தொகை சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: என்ன வாங்கப் போகிறீர்கள்? "அதான் சார், தண்ணி" என்றார். அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் நகரில் இதே காரியத்தை இருபது வருடத்துக்கு முன்னால் செய்தோம். 140 வீடு. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, இருபது ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதி, லே-அவுட்காரரிடம் வாங்கினோம். ஒரு திறந்த கிணறு, இரண்டு போர், மேல்நிலைத் தொட்டி, மோட்டார் ரூம், தெருவெல்லாம் ஓடும் பைப். தொட்டிக்குப் புது பெயின்ட் அடித்துச் சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதினோம். பொங்கல் வைத்தோம் என்றுகூட ஞாபகம்.

மறுநாள் காலையில் ஒரு சந்தேகம் வந்தது. பைப் எங்கே போகிறது? வரைபடம் இல்லை. லே-அவுட்காரரிடமும் இல்லை. அது ஒரே ஒரு இடத்தில் இருந்தது, வால்வு திறந்துவிடும் பெரியவரின் தலைக்குள். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். இங்கே திரும்புது, இங்கே ரெண்டரை இஞ்ச், இங்கே மூணு, இந்த வீட்டு கேட்டுக்குக் கீழே ஒரு வால்வு இருக்கு, தார் போட்டப்ப மூடிட்டாங்க. ராத்திரி இரண்டு மணிக்கு, ஊர் அடங்கின பிறகு, ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். "இங்க சீறுது சார்" என்பார். தோண்டினால் அங்கே கசிவு இருக்கும். நாங்கள் பணம் கொடுத்து வாங்கியதில் பாதி அந்த மனிதரின் காதுக்குள் இருந்தது. பத்திரத்தில் அவர் பெயர் இல்லை.

இது நம் ஊர் கூத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் மிசோலா என்று ஒரு ஊர். ஆற்றங்கரை ஊர், பல்கலைக்கழகம் இருக்கிறது, ஜனத்தொகை நம் ஆலந்தூரை விடக் குறைவு. அந்த ஊரின் குடிநீர் ஆரம்பத்திலிருந்தே தனியார் கையில். 2011-இல் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. குழாயில் விடும் தண்ணீரில் ஏறத்தாழ பாதி கசிந்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. நகராட்சி, எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. 2014-இல் நீதிமன்றத்துக்குப் போனது. பொதுக் காரியத்துக்காகக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் சட்டம் இருக்கிறதே, நாம் ரோட்டுக்கு நிலம் எடுப்பது போல, அதன் கீழ். விலையை நிர்ணயிக்க ஒரு குழு போட்டார்கள். 2015 கடைசியில் அந்தக் குழு சொன்ன விலை 8 கோடியே 86 லட்சம் டாலர். 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2017 ஜூனில் சாவி கைக்கு வந்தது. வக்கீல் செலவு தனி.

இதில் எனக்குப் பிடித்த பகுதி சாவி கிடைத்த பிறகு வருவது. கம்பெனியோடு கூட மலைக்குள் இருந்த பழைய ஏரி அணைகளும், ஊருக்கு மேலே ஓடைக்குக் குறுக்கே நின்ற ஒரு பழைய அணையும், அவற்றின் தண்ணீர் உரிமையும் சேர்ந்து வந்தன. அந்த ஓடைத் தண்ணீரைக் குடிப்பதை 1983-லேயே நிறுத்திவிட்டார்கள். ஜியார்டியா என்ற கிருமியால் ஊரில் வயிற்றுப்போக்கு பரவியது, அதிலிருந்து நிலத்தடி நீர்தான். இருந்தும் அணையின் பொறுப்பு வாங்கியவர் தலையில். 2020-இல் அந்த ஓடை அணையை இடித்து எடுத்தார்கள். பழைய வீடு வாங்கினால் மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த சின்டெக்ஸும் நம்முடையதுதான், அப்படி.

இதுவரை சொன்னது இரும்பு, சிமென்ட் சமாசாரம். காசு கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். அடுத்தது உரிமை. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் நாம் விலை பேசும்போது மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் மேற்குப் பக்கம், மழை குறைந்த மாநிலங்களில், ஆற்றுத் தண்ணீருக்கு வரிசை உண்டு. யார் முதலில் வாய்க்கால் வெட்டி எடுத்தாரோ அவருக்கு முதல் தண்ணீர். 1870-இல் வெட்டியவர் முழுதாக எடுத்த பிறகுதான் 1890-இல் வெட்டியவருக்கு. ஆறு வற்றும் வருடத்தில் கடைசியில் நிற்பவருக்கு ஒன்றுமில்லை. நம் பக்கத்து ஏரிப் பாசனத்தில் பழைய வழக்கத்தை மாமூல் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. (மாமூல் என்ற சொல்லுக்கு இன்றைக்கு இந்த ஊரில் வேறு அர்த்தம் ஆகிவிட்டது, அது வேறு சொற்பொழிவு.) வித்தியாசம் என்னவென்றால், அங்கே அந்த வரிசை எண்ணையே விற்கலாம். நிலம் ஒருவருக்கு, தண்ணீர் இன்னொருவருக்கு. கொலராடோவில் வளர்ந்துவரும் ஊர்கள் விவசாயிகளின் வாய்க்கால் பங்கை வாங்குவது இப்படித்தான். ஒரு ஊர் வாங்குவது தண்ணீரை விட முக்கியமாக, வாய்க்கால் வெட்டிய அந்த வருடத்தை.

வாங்கியவுடன் வால்வைத் திறந்துவிட முடியாது. அங்கே தண்ணீருக்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. அது ஒரு கேள்வி கேட்கும்: அந்த விவசாயி எடுத்த தண்ணீரில் பயிர் குடித்தது எவ்வளவு, வடிந்து கீழே போனது எவ்வளவு? நீங்கள் வயல் பார்த்தவர்களாக இருந்தால் புரியும். மேல் வயலில் கட்டிய தண்ணீர் வரப்புக்கு அடியில் கசிந்து கீழ் வயலுக்கு வரும், அங்கிருந்து வடிகாலுக்கு, வடிகாலிலிருந்து அடுத்த ஏரிக்கு. மேல் வயல்காரர் நூறு பங்கு எடுத்தார் என்பதற்காக நூறையும் ஊருக்கு விற்றுவிட முடியாது. பயிர் குடித்த பங்கை மட்டும்தான் விற்கலாம். வடிந்தது கீழே இருப்பவருடையது. முப்பது வருடம் தண்ணீர் வேலை பார்த்தேன், இதைவிட நியாயமான ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

அப்படி நியாயம் பார்த்தும் அடிபட்டவர்கள் உண்டு. கொலராடோவில் க்ரௌலி என்ற மாவட்டத்தில் ஒரு காலத்தில் 50,000 ஏக்கருக்குப் பாசனம் இருந்தது. விவசாயிகள் பங்குகளை நகரங்களுக்கு விற்றார்கள். இன்றைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு நிலம்தான் ஈரம் காண்கிறது. விற்றவர் காசோடு போய்விட்டார், விற்காதவர் பக்கத்து வயலின் புழுதியை மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தார்ன்டன் என்ற ஊர் கதை இன்னும் வேடிக்கை. 1986-இல் வடக்கே பண்ணைகளையும் தண்ணீரையும் வாங்கிப் போட்டது. அதை ஊருக்குக் கொண்டுவரும் குழாய்க்கு வழியில் இருந்த மாவட்டம் 2019-இல் அனுமதி மறுத்தது, 2024-இல்தான் கொடுத்தது. உரிமை இருந்தது, ஊர் வரைக்கும் வழி இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

சென்னை எப்போதுமே பக்கத்து ஊர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நகரம். 1772-இல் ஏழுகிணறு. அது ஊருக்குள். ஒரு நூறு வருடம் கழித்து 1872-இல் தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1944-இல் பூண்டி. செம்பரம்பாக்கமும் வீராணமும் விவசாயத்துக்கென்று வெட்டிய ஏரிகள். வீராணத்தை நம்பி ஏறத்தாழ 45,000 ஏக்கர் இருக்கிறது, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு 2004-இல் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. கிருஷ்ணா தண்ணீர் தெரியும். 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. ஆவியாகப் போவது 3 போக, நமக்கு 12. பூண்டிக்கு முதலில் வந்து சேர்ந்தது 1996. எழுதியதற்கும் வந்ததற்கும் நடுவில் 20 வருடம்.

இதில் ஏதாவது ஒன்றில், வாங்குகிறவர், விற்கிறவர் என்று இரண்டு பேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்களா? ஆறு, ஏரி அரசாங்கத்துடையது, அது முடிவெடுக்கும். அங்கே பேரம் கிடையாது. நிலத்தடி நீர் வேறு. 1882 ஆம் வருட வசதியுரிமைச் சட்டப்படி தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். நிலத்தை விட்டுத் தண்ணீரை மட்டும் தனியாகப் பிரித்து விற்க முடியாது. கிராமத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் "கிணற்றில் நாலில் ஒரு பாகம், மோட்டார் சர்வீஸில் நாலில் ஒரு பாகம், முறை வைத்து இறைத்துக்கொள்ளும் பாத்தியதை" என்று எழுதியிருக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் கால் பாகமும் வயலோடு ஒட்டிக்கொண்டது.

அதனால் என்ன ஆகிறது? 2000-க்குப் பிறகு வந்த வறட்சிகளில் பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வாங்கினார்கள். தனியார் லாரிகள் வேறு, நாள்முழுக்க லோடு லோடாக. அந்தக் கிணற்றுக்காரர் தன்னுடையதைத்தான் விற்கிறார், சட்டப்படி தப்பில்லை. ஆனால் கிணற்றுக்கு அடியில் வரப்பு கிடையாது. அவர் மோட்டார் ஓடினால் பக்கத்துக் கிணற்றில் மட்டம் இறங்கும். பயிர் குடித்த பங்கு எவ்வளவு என்று கேட்க நம்மிடம் நீதிமன்றம் இல்லை. மீஞ்சூர் பக்கம் இறைத்து இறைத்துக் கடல் தண்ணீரே உள்ளே வந்துவிட்டது. 1987-இல் சென்னைப் பகுதி நிலத்தடி நீருக்கென்று சட்டம் போட்டார்கள். லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2019-இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். உரிமையை வாங்க வழியில்லாத இடத்தில், நாம் வாங்குவது மோட்டார் ஓடும் நேரத்தை. அது ஓடும் வரைக்கும்தான்.

எங்கள் நகர் கதையைப் பாதியில் விட்டேன். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் கிணற்றைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டால், இடத்தை வாங்கியவர் அனுப்பிய ஆட்கள். லே-அவுட்காரர் கிணறு இருந்த மனையை வேறு ஒருவருக்கு விற்றிருக்கிறார். எங்கள் இருபது ரூபாய் பத்திரத்தில் கிணறு இருந்தது, கிணறு இருக்கும் மண் இல்லை. பட்டா லே-அவுட்காரர் பேரில், அதனால் பத்திரமும் சுலபமாக முடிந்துவிட்டது. வாங்கியவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் தன் மோட்டாரைப் போட்டு லாரிக்கு விற்க ஆரம்பித்தார். எங்கள் தெருவுக்கே அந்த லாரி வந்தது. ஐந்நூறு ரூபாய் லோடு. நானும் வாங்கினேன்.

கடைசியில் கிணற்றைச் சுற்றி மூன்று சென்ட் இடத்தை அவரிடமிருந்து வாங்கினோம். டேங்க், மோட்டார், பைப் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அந்த மூன்று சென்ட்டுக்கு அதிகம் கொடுத்தோம். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தோம், இந்த முறை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நான்கெல்லை எழுதும்போது ஆவண எழுத்தர் கேட்டார், தெற்கே என்ன இருக்கிறது என்று. எங்கள் தலைவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த நைனாதான் சொன்னார்: தெற்கே எட்டடி வழி, அந்த வழிக்குக் கீழே நாலு இஞ்ச் பைப், அதையும் எழுதிக்கோங்க.