சீக்கிரம் முடிக்கும் பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்கா?

வணக்கம். பள்ளிக்கூடம் விட்ட கையோடு வகுப்பறையிலிருந்தே பேசுகிறேன். காற்றாடி கடகடவென்று சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்தினால் இந்த வெயிலில் என்னால் ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாது.

எங்களுடையது தஞ்சாவூர்ப் பக்கம் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். இன்றைக்குப் பேசப்போவது நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி. படிக்கத் திணறும் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று எல்லாரும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பாடத்தை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. "அவன் எப்படியும் படிச்சிக்குவான்" என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கற்றுக்கொடுக்கிற அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது இல்லையா, அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைப்போம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் மலர், அதாவது மேல் நிலை. பத்துக் கணக்கைப் போர்டில் எழுதி முடிப்பதற்குள் எட்டைப் போட்டிருப்பான். நான் என்ன செய்தேன்? "அட, முடிச்சிட்டியா, இந்தா இன்னும் பத்து" என்று கொடுத்தேன். அதுவும் முடிந்தால் இன்னொரு பத்து. அவனுக்குப் பரிசு கொடுக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில் அவன் மெதுவானான். பென்சிலைச் சீவுவான், அழிரப்பரைத் தேடுவான், ஜன்னலைப் பார்ப்பான். கவனம் சிதறுகிறது என்று டைரியில் எழுதி வைத்தேன். ஒருநாள் அவன் அம்மா கேட்டில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், சீக்கிரம் முடிச்சா இன்னும் கணக்கு குடுக்கறீங்களாம். அதான் எட்டோட நிறுத்திக்கறானாம்."

சுருக்கென்றது. வேகமாக வேலை செய்பவன் தலையில் இன்னும் நாலு ஃபைலைக் கட்டும் ஆபீசைத் திட்டுவோமே, அதையே எட்டு வயதுப் பையனுக்குச் செய்திருக்கிறேன். தெரிந்த கணக்கை முப்பது முறை போட்டால் கை வேண்டுமானால் பழகும். யோசனைக்கு அதில் வேலையே இல்லை.

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ரென்சுல்லி என்று ஒரு பேராசிரியர். திறமை என்பது ஒரே ஒரு மதிப்பெண்ணில் அகப்படாது என்று 1978-லேயே எழுதினார். சராசரிக்கு மேலான அறிவு, புதிதாக யோசிப்பது, எடுத்த வேலையை விடாமல் பிடித்துக்கொள்வது, இந்த மூன்று வளையமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் திறமை இருக்கிறது என்றார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்பதற்கும் மூன்று படி வைத்திருந்தார். முதலில் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கண்ணில் காட்டு. அடுத்தது அளக்க, குறித்துவைக்க, ஒப்பிட, கேள்வி கேட்கச் சொல்லிக்கொடு. மூன்றாவது, பிள்ளை தானே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகும்போது வழிவிடு. இந்த மூன்றாவது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. வாய் சும்மா இருக்காது, விடையைச் சொல்லிவிடுவேன்.

நம் ஊரில் நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கான என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில் வருகிறது. அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணக்குச் சோதனைகள் செய்துபார்க்கிற வானவில் மன்றம் ஆறாம் வகுப்பிலிருந்து. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு டீச்சர் பார்த்துச் செய்தால்தான் உண்டு. நான் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இதற்கென்று வைத்திருக்கிறேன். செலவு என்று பார்த்தால் சாக்பீஸ், ஒரு குச்சி, ஒரு நோட்டு.

குச்சிக் கதையைச் சொல்கிறேன். ஒரு மீட்டர் குச்சியை மைதானத்தில் நேராக நட்டு, மதியம் அதன் நிழலை அளக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகச் சிறியதாக இருக்கும் என்று நானே சொல்லிவைத்திருந்தேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், பன்னெண்டுக்கு அப்புறமும் குறையுது" என்றாள். விட்டுப் பார்த்தால் 12.15 வாக்கில்தான் மிகச் சிறிய நிழல். பிறகு சேர்ந்து உட்கார்ந்து காரணத்தைப் பார்த்தோம். நம் கடிகாரம் காட்டுவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். தஞ்சாவூர் அந்தக் கோட்டுக்கு மூன்று டிகிரிக்கும் கொஞ்சம் மேலாக மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்றால் பதின்மூன்று நிமிடச் சொச்சம் தாமதம். புத்தகத்தில் தீர்க்கரேகை என்று படித்தபோது வராத ஆர்வம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வந்தது.

அதைவிட நல்லது ஆகஸ்டில் நடந்தது. எங்கள் பக்கம் ஆகஸ்ட் 24, 25 வாக்கில் சூரியன் மதியம் சரியாகத் தலைக்கு மேலே வரும். குச்சிக்கு நிழலே இருக்காது. நிழலில்லா நாள் என்பார்கள். ஒரு வாரம் முன்னாலிருந்து அளந்தோம். முதல் நாள் நாலு சென்டிமீட்டர் சொச்சம், தினமும் குறைந்துகொண்டே வந்தது. அந்த நாளும் வந்தது. கூடவே மேகமும் வந்தது! பன்னிரண்டேகாலுக்கு மைதானத்தில் ஒரு துளி வெயில் இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் மறுபடி குச்சியை நட்டோம். நிழல் இருந்தது, அதே நாலு சென்டிமீட்டர் சொச்சம். என் மலர்ப் பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், போன வாரம் நிழல் சத்துணவுக் கூடத்தப் பாத்து விழுந்துச்சு. இப்ப கேட்டப் பாத்து விழுது." கூடம் தெற்கே இருக்கிறது, கேட் வடக்கே. அந்த நாளைத்தான் மேகம் மறைத்தது, சூரியன் எங்கள் தலையைத் தாண்டி மறுபக்கம் போனதை மறைக்க முடியவில்லை. இப்போது அவன் எட்டுக் கணக்கோடு நிறுத்துவதில்லை, மதியம் மணி அடித்ததும் முதலில் ஓடுவது அவன்தான்.

பார்த்ததையெல்லாம் ஒரு சார்ட்டில் எழுதி, சத்துணவு சமைக்கும் ஆயாம்மாவுக்கு விளக்கச் சொன்னேன். கேட்க வெளி ஆள் ஒருவர் இருந்தால்தான் பிள்ளைகள் ஒழுங்காகச் சொல்வார்கள். ஆயாம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப மார்கழியில நிழல் எங்க வரைக்கும் போவும்?" என்றார். இவர்களிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில் ஒருநாள் வெயில் அடித்தபோது ஓடிப்போய் அளந்தார்கள். 68 சென்டிமீட்டர். ஆயாம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் சோறு வாங்கினார்கள்.

விடுகதை எழுதுவதும் நல்ல பயிற்சி. பழைய விடுகதைக்கு விடை சொல்வதில்லை, இன்றைய பொருளுக்குப் புதிதாகக் கட்ட வேண்டும். "வாலைச் சுவரில் மாட்டினால்தான் வயிறு நிறையும்", அது என்ன? செல்போன். மூன்றாம் வகுப்புப் பையன் கட்டியது. ஒரு பொருளை இன்னொன்றாகப் பார்க்க வேண்டும், ஆனால் முழுதாகக் காட்டிக்கொடுக்கக் கூடாது. பெரியவர்கள் நாம் முயன்று பார்த்தால் தெரியும் கஷ்டம்.

சரி, கோலத்துக்கு வருகிறேன். கேமராவைக் கீழே சாய்க்கிறேன், தரை தெரிகிறதா? ஏழு புள்ளி, ஒன்று வரை, நேர்ப்புள்ளி. 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் எத்தனை என்று கேட்டேன். கூட்டி 25 என்றார்கள். கூட்டாமல் சொல்ல முடியுமா என்றேன். மலர்ப் பிள்ளைகள் முழித்தார்கள். மொட்டில் இருந்த ஒரு பெண், கணக்கில் நான் பெரிதாக எதிர்பார்க்காத பிள்ளை, மார்கழி முழுக்க வீட்டு வாசலில் கோலம் போடுகிறவள், எழுந்து வந்து புள்ளிகளுக்கு ஒன்று விட்டு ஒன்று சிவப்பு சாக்பீஸ் வைத்தாள். வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை வராமல், சதுரங்கப் பலகை மாதிரி. அப்புறம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "டீச்சர், செவப்பு நாலு நாலா நாலு வரிசை. வெள்ளை மூணு மூணா மூணு வரிசை."

16-ம் 9-ம், 25. ஒன்பது புள்ளிக் கோலத்துக்கு அவளே 25-ம் 16-ம் 41 என்று சொல்லிவிட்டாள். எண்ணிச் சரிபார்த்தோம், 41. நாற்பது வருஷமாகக் கோலம் பார்க்கிறேன், எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970-களிலேயே கோலத்தைக் கணிதமாக எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அது தெரிந்ததே எனக்குப் பிறகுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மலர்ப் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூட்டிவைத்து இதைச் செய்திருந்தால் அந்தப் பெண் இந்த அறையிலேயே இருந்திருக்க மாட்டாள். சிங்கப்பூரில் 1984-லிருந்து மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து, ஏறத்தாழ நூற்றில் ஒரு பிள்ளையைப் பொறுக்கித் தனி வகுப்பு நடத்தினார்கள். 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், இனி அந்த முறை வேண்டாம், எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வழி இருக்கட்டும் என்று அறிவித்தார். அவர்களுடைய வசதி வேறு, நம் வசதி வேறு. ஆனால் என் வெள்ளிக்கிழமைப் பீரியடில் எல்லாரும் உட்காரலாம். பிடித்தவர்கள் தொடருவார்கள், மற்றவர்கள் விளையாடப் போவார்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருபவர்களும் உண்டு.

பெற்றோர்கள் வீட்டில் செய்வதென்றால் நிறைய வாங்கிக் குவிக்க வேண்டாம். அபாகஸ் வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். கணக்கு வேகமாகப் போட வரும். யோசிக்க வருமா என்பது வேறு விஷயம். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் உடனே போனை எடுக்காமல், "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்கே இன்னும் வராத வித்தைதான், சொல்லிவைக்கிறேன்.

இன்றைக்கு நடந்ததோடு முடித்துக்கொள்கிறேன். அதே பெண் சந்துப்புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொண்டாள், ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி வருமே, அது. ஏழு புள்ளி, நாலு வரை. 4, 5, 6, 7, 6, 5, 4. இதோ, இது அவள் வைத்தது. இதிலும் சிவப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி வைக்கப் பார்த்தாள். மூன்றாவது புள்ளியிலேயே மாட்டிக்கொண்டது. பாருங்கள், மூன்று புள்ளியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு முக்கோணமாக நிற்கின்றன. இரண்டு நிறத்தில் எப்படி வைத்தாலும் ஏதோ இரண்டு ஒரே நிறமாகிவிடும். நாலு தடவை அழித்தாள். மணி அடித்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "டீச்சர், நாளைக்கு மஞ்ச சாக்பீஸும் வேணும்" என்றாள்.

மொத்தம் 37 புள்ளி. மூன்று நிறத்திலும் எத்தனை எத்தனை வரும் என்று நான் சொல்லப்போவதில்லை. கடை ஏழு மணிக்கு அடைத்துவிடுவார்கள், மஞ்சள் சாக்பீஸ் வாங்கப் போகிறேன்.