அந்தச் சனிக்கிழமைகளைக் கேளுங்கள்

(மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கத் தயாராகும் இளைஞர்கள் முன் மட்டக்களப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பிமாரே, தங்கச்சிமாரே, பிள்ளைகளோடு கூட வந்திருக்கும் அம்மாமாரே, உம்மாமாரே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை, படுவான்கரை. ஏ.எல். படித்த காலத்தில் விடியக் காலையிலே குருமண்வெளிப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையில், ஏறி வாவியைக் கடந்து, அங்கிருந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் போவேன். கண்டல் மரங்களுக்கு மேலே வெளிச்சம் வருகிற நேரம். பாதையில் சைக்கிள்களும் மீன் கூடைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் சிவப்புச் சைக்கிளோடு ஒரு தபால்காரரும் வருவார். ஒருநாள் சும்மா கேட்டார், "மகன், நேத்து என்ன படிச்ச?" ஒன்றும் படிக்கவில்லை என்றேன். "சரி, நாளைக்குச் சொல்லு" என்றார். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். அவருக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே நான் இரவில் விளக்கைக் கொளுத்திப் புத்தகத்தைத் திறக்கத் தொடங்கினேன்.

என் அப்பா அப்போது உயிரோடு இல்லை. முதல் தடவை ஏ.எல். சரிவரவில்லை. கட்டாருக்குப் போவதற்கு ஏஜென்சியில் கதைத்தாயிற்று, பாஸ்போர்ட்டுக்குப் படமும் எடுத்தாயிற்று. அன்று பின்னேரம் அந்தத் தபால்காரர் வீட்டுக்கு வந்து திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். கட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தபால் பைக்குள் கையை விட்டு, தன் மருமகன் பாவித்த பழைய வினாத்தாள் கட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். நான் இரண்டாம் தடவை எழுதினேன், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

வழிகாட்டி என்றவுடன் மேடையில் ஏறி அறிவுரை சொல்கிற ஒருவர்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. அதனால் நான் வழித்துணை என்று சொல்கிறேன். அப்படி ஒருவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம். அதே பாதையில் என்னோடு வந்த எத்தனையோ பேருக்கு அது கிடைக்கவில்லை. இதை அதிர்ஷ்டத்தின் கையில் விடக் கூடாது, பிள்ளைகளுக்கு வழித்துணை கிடைக்க அரசாங்கம் காசு ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் நாளை நீங்கள் எம்.பி.மாரிடம் போகிறீர்கள்.

இது நம் ஊரில் மட்டும் எழுகிற கேள்வி என்று நினைக்காதீர்கள். 1904இல் நியூயோர்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த ஏர்னஸ்ட் கூல்ற்றர், அங்கே வந்து நிற்கும் பையன்களுக்கு ஆளுக்கொரு பெரியவர் துணை வேண்டும் என்று கேட்டார். அமெரிக்காவின் பெரிய வழித்துணை அமைப்பு ஒன்றுக்கு அது தொடக்கம். இப்போது அங்கே ஜனவரி மாதத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மாதத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் அவர்களுடைய துணைகளும் வொஷிங்டனுக்குப் போய், சட்டம் இயற்றுகிறவர்களின் அலுவலகக் கதவைத் தட்டிக் கதைக்கிறார்கள். அங்கே நீதித் திணைக்களத்தின் ஊடாக இந்த வேலைக்கு ஆண்டுக்குச் சுமார் 100 மில்லியன் டொலர் போகிறது. அது குறையக் கூடாது என்று கேட்பவர்களில் அந்தப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய காசு அளவு நமக்கு வராது, சரி. கதவைத் தட்டுகிற பழக்கம் வரலாம்.

அங்கே 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட 959 பிள்ளைகள். பாதிப் பேருக்கு உடனே துணை கிடைத்தது, மற்றப் பாதி காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. 18 மாதம் கழித்துப் பார்த்தால், துணை கிடைத்தவர்கள் புதிதாகப் போதைப்பொருளைத் தொடங்கும் வாய்ப்பு 46 வீதம் குறைவாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விட்ட நாட்களும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஐஸ் என்ற போதைப்பொருளின் பெயரை இப்போது நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அந்த 46 வீதம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கிற தாய்மாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நாளைக்கு நீங்கள் கையோடு கொண்டுபோக வேண்டியது இதற்கு அடுத்த செய்தி. அதே தரவுகளை 2002இல் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பயன் அதிகம். மூன்று மாதத்துக்குள் துணை விட்டுப் போன பிள்ளைகளுக்கு, தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருந்த மதிப்பு முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருந்தது. அதாவது, வந்துவிட்டுப் பாதியில் போவது அந்தப் பிள்ளைக்குக் காயம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் தங்கச்சி ஒருத்தி சொன்னதுதான் கண்ணுக்குள் வந்தது. அவள் இங்கேதான் இருக்கிறாள், பெயர் சொல்லவில்லை. அவளுடைய ஊருக்கு ஒரு திட்டம் வந்தது. சனிக்கிழமை தோறும் ஓர் அக்கா வருவார். வாசிகசாலைக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் இருந்து இருவரும் கதைப்பார்கள். தாய் வெளிநாட்டில், வீட்டில் அம்மம்மா மட்டும். வயதுக்கு வந்த பிள்ளை தாயிடம் கேட்க வேண்டியதை எல்லாம் அந்த அக்காவிடம் கேட்டாள். நிதி முடிந்தது, திட்டம் முடிந்தது. அதைப் பிள்ளைக்குச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அடுத்த மூன்று சனிக்கிழமையும் தலை பின்னி, பவுடர் போட்டு, அந்த மரத்தடியில் போய் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். "நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டேனோ எண்டு நெனச்சன் சேர்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்த அக்காவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் பஸ் காசு வேண்டும். சுனாமிக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் இந்தக் கரையில் எத்தனை திட்டங்கள் வந்து போயின என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். ரீசேர்ட்டும் தொப்பியும் இன்னும் அலுமாரிகளில் இருக்கின்றன. ஆட்கள்தான் இல்லை. திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு, பிள்ளை வளர்வதற்கு அப்படி ஒன்று கிடையாது. ஆகவேதான் இது அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்துக்குள், வருடா வருடம் வருகிற ஒரு செலவினமாக இருக்க வேண்டும் என்கிறோம்.

இனி வேலையைப் பற்றிப் பேசுவோம். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 எம்.பி.மார். அம்பாறை மாவட்டம் திகாமடுல்ல என்ற பெயரில் 7 பேரைத் தெரிவு செய்கிறது. ஆக 12 பேர். மாகாண சபையிடம் போகலாமே என்று ஒரு தம்பி கேட்டார். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஆகவே நம் ஊர் மக்கள் வாக்களித்து அனுப்பியவர்களில் அரசாங்கக் காசைப் பற்றிப் பேசக்கூடியவர்கள் இந்த 12 பேர்தான். காத்தான்குடித் தம்பியும் களுவாஞ்சிகுடித் தங்கச்சியும் ஒரே கதிரை வரிசையில் இருந்து ஒரே கோரிக்கையை வைத்தால், கட்சியையோ ஊரையோ காட்டி அதைத் தட்டிக்கழிக்க எந்த எம்.பி.க்கும் இலகுவாக இராது.

புதிய கட்டடம் கேட்காதீர்கள். இளைஞர் சேவைகள் மன்றம் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது, பிரதேச செயலகங்களில் இளைஞர் சேவை உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிரிவு முழுவதையும் ஒருவர் எப்படிப் பார்ப்பார்? அவருக்குக் கீழே பயிற்சி பெற்ற தொண்டர்கள் வேண்டும். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் சின்னதொரு கொடுப்பனவும் வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரே ஆள், ஆகக் குறைந்தது ஒரு வருடம், இடையில் மாற்றக் கூடாது. இதுதான் கோரிக்கை.

இன்னொன்றையும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும், அவர்கள் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. அது பிள்ளைகளின் பாதுகாப்பு. தொண்டருக்குப் பொலிஸ் அறிக்கை, பெற்றோரின் எழுத்து மூல அனுமதி, நாலு பேர் பார்க்கிற இடத்தில் சந்திப்பு, பிழை நடந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழைக்கலாம் என்பது பிள்ளைக்கே தெரிந்திருப்பது. நல்ல எண்ணத்தோடு வருகிறவர் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்.

ஜனவரியில் தொடங்குகிற நிதியாண்டுக்கான கணக்கை அமைச்சுகள் அதற்கு முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே போடத் தொடங்கிவிடும். 2026க்கான வரவு செலவுத் திட்டம் 2025 நவம்பர் 7ஆம் திகதி வாசிக்கப்பட்டது. நவம்பரில் போய் நின்று கேட்டால் அநேகமாக எல்லாம் எழுதி முடிந்திருக்கும். ஆகவே முன்கூட்டியே போக வேண்டும், ஒரு தடவையோடு நிற்கவும் கூடாது. நம் மாவட்டத்தில் இளைஞர்களுக்கு என்று இப்போது எவ்வளவு செலவாகிறது என்பதையும் எடுத்துக்கொண்டு போங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். எம்.பி. "பார்ப்போம்" என்று சொன்னால் எழும்பி வந்துவிடாதீர்கள். எந்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை எடுப்பீர்கள், அமைச்சின் நிதி ஒதுக்கீட்டு விவாதத்தில் பேசுவீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். சொன்ன பதிலை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அந்தக் கொப்பியோடு திரும்பப் போக வேண்டும்.

என் தபால்காரர் செய்ததும் அதைத்தான். அடுத்த நாளும் வந்து கேட்டார்.

அப்புறம் ஒன்று. நீங்கள் எழுதி வைத்திருக்கிற உரைகளைப் பார்த்தேன். அழகான தமிழ், ஆனால் நீளம். அவர்கள் தருவது பத்து நிமிடம் என்றால் அதில் ஐந்து நிமிடம் போன் அழைப்பில் போகும். நம் தங்கச்சி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். நேற்று இருவரும் இருந்து அதைச் சுருக்கினோம். வேப்ப மரத்தையும் அந்த மூன்று சனிக்கிழமைகளையும் மட்டும் விட்டுவைத்தோம், இரண்டு நிமிடம் வருகிறது. அதைச் சொல்லலாமா என்று அவளிடமும் அம்மம்மாவிடமும் கேட்டுவிட்டேன். "நான்தான் சொல்ல வேணும்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

மைக்கை அவளிடம் கொடுங்கள். நாளைக்கு முதல் ஒரு தடவை நமக்கு முன்னால் வாசித்துப் பார்க்கட்டும்.