கட்சிக்காரனைக் காப்பாற்ற தன்னையே சுட்டுக்கொண்ட வக்கீல்

வணக்கம் மக்களே. கேமராவை இன்று கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன், ஏன் என்று கடைசியில் புரியும். என் கையில் இருப்பது எங்கள் ஹால் டிவி ரிமோட். இன்றைக்கு இதுதான் துப்பாக்கி.

பேசப்போகிற ஆள் பெயர் கிளமென்ட் வலாண்டிகம். 1820இல் ஒஹாயோவில் பிறந்தவர், டேட்டன் நகரத்து வக்கீல், கொஞ்ச நாள் பத்திரிகை ஆசிரியர், 1858இலிருந்து அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர், ஜனநாயகக் கட்சி. இவரைப் பற்றி யார் பேசினாலும் எப்படிச் செத்தார் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். கேட்டால் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது, நாட்டை விட்டுப் பிரிந்துபோன தெற்கு மாகாணங்களுக்கும் வடக்குக்கும். வடக்கே இருந்துகொண்டே போரை நிறுத்து, தெற்கோடு சமரசம் பேசு என்று சொன்ன கூட்டம் ஒன்று இருந்தது. எதிராளிகள் இவர்களைக் காப்பர்ஹெட், அதாவது செப்புத் தலை, என்று திட்டினார்கள், அது அந்த ஊர் விஷப் பாம்பு. இவர்களோ அசரவில்லை, செப்புக் காசில் இருந்த சுதந்திர தேவியின் தலையை வெட்டியெடுத்துக் கோட்டில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அந்தக் கூட்டத்தின் பெரிய தலைதான் வலாண்டிகம். உடனே சமாதானப் புறா என்று நினைத்துவிடாதீர்கள். அடிமைகளை விடுவிப்பதை எதிர்த்த மனிதர். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்றாலும் அடுத்து அவருக்கு நடந்ததைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1863 ஏப்ரலில் வடக்குப் படையின் ஜெனரல் பர்ன்சைடு 38ஆம் எண் உத்தரவு என்று ஒன்று போடுகிறார்: எதிரிக்கு அனுதாபமாகப் பேசினாலே கைது. மே 1 அன்று மவுண்ட் வெர்னன் ஊர்க் கூட்டத்தில் இவர் அந்த உத்தரவையே கிழித்துத் தொங்கவிட்டார். மாறுவேடத்தில் வந்த ராணுவ அதிகாரிகள் மேடைக்குக் கீழே நின்று குறிப்பெடுக்கிறார்கள். மே 5, விடியவில்லை, சிப்பாய்கள் வீட்டுக் கதவை உடைத்து இவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோபத்தில் ஊர்க்காரர்கள் எதிர்க்கட்சிப் பத்திரிகை ஆபீஸைக் கொளுத்தினார்கள். சாதாரண கோர்ட்டுகள் திறந்துதான் இருந்தன, ஆனால் விசாரித்தது ராணுவம், தண்டனை போர் முடிகிறவரை சிறை.

ஜனாதிபதி லிங்கனுக்குத் தர்மசங்கடம். உள்ளே வைத்தால் ஆள் தியாகி ஆகிவிடுவார், விட்டால் ஜெனரலுக்கு அவமானம். அதனால் தண்டனையை மாற்றி, உனக்குத் தெற்கு மேல்தானே பாசம், அங்கேயே போய் இரு என்கிற மாதிரி எல்லை தாண்டி அனுப்பிவிட்டார். மே 25, டென்னஸியில் எதிரிப் படையிடம் ஒப்படைப்பு. தெற்கத்திக்காரர்களுக்கும் இவரை என்ன செய்வது என்று தெரியவில்லை, ஏனென்றால் இவர் நாடு மறுபடி ஒன்றாகச் சேர வேண்டும் என்பவர். அங்கிருந்து கப்பலில் பெர்முடா, பிறகு கனடா. ஊருக்குள் கால் வைக்க முடியாத மனிதரை ஒஹாயோ கட்சிக்காரர்கள் கவர்னர் வேட்பாளர் ஆக்கினார்கள், அவர் கனடாவில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தபடி போட்டியிட்டு ஏறக்குறைய ஒரு லட்சம் ஓட்டில் தோற்றார். 1864இல் ஒட்டு மீசை, வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். லிங்கன் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். இவர் வழக்கில் தலையிட முடியாது என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், 1866இல் மில்லிகன் என்கிற இன்னொருவர் வழக்கில், கோர்ட்டுகள் நடக்கிற இடத்தில் ராணுவம் குடிமக்களை விசாரிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. இவருக்கு அது ரொம்ப லேட்.

சரி, இப்போது ரிமோட். 1871, ஒஹாயோவில் லெபனான் என்கிற சின்ன ஊர். மெகீஹன் என்பவன் மேல் கொலை வழக்கு, பார் சண்டையில் மையர்ஸ் என்பவனைச் சுட்டான் என்று. அவனுக்கு வக்கீல் நம்ம வலாண்டிகம், அவர் வாதம் என்னவென்றால், மையர்ஸ் மண்டியிட்ட நிலையிலிருந்து எழும்போது பாக்கெட்டிலிருந்து தன் துப்பாக்கியை இழுத்திருக்கிறான், அது மாட்டிக்கொண்டு அவனையே சுட்டுவிட்டது. இதோ பாருங்கள், இப்படி முட்டி போட்டு... பேண்ட் பாக்கெட்டில் ரிமோட்... எழுந்துகொண்டே இழுக்கிறேன். பார்த்தீர்களா, நுனி என் வயிற்றைப் பார்க்கிறது! தலை ஃப்ரேமுக்கு வெளியே போயிருக்கும், மன்னியுங்கள்.

ஜூன் 16 அன்று ஊருக்கு வெளியே போய்த் துணியில் சுட்டு, எவ்வளவு தூரத்தில் வெடிமருந்துக் கறை படிகிறது என்று பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தத் துப்பாக்கியில் மூன்று குண்டு மிச்சம். ஹோட்டல் அறையில் அதன் பக்கத்திலேயே காலித் துப்பாக்கி ஒன்று. கூட இருந்த வக்கீலுக்குச் செய்து காட்ட எடுத்தார், எடுத்தது குண்டு இருந்ததை. நான் செய்த மாதிரியே இழுத்தார். மறுநாள் காலை செத்துப்போனார், வயது 50.

மெகீஹன் கடைசியில் விடுதலை ஆனான். நாலு வருஷம் கழித்து அவனையும் அவனுடைய சொந்த பாரிலேயே எவனோ சுட்டுக் கொன்றான். அந்த ஹோட்டல், கோல்டன் லாம்ப், இன்றும் நடக்கிறது, போனால் சாப்பிடலாம்.

அம்மா கூப்பிடுகிறார், சீரியல் ஆரம்பிக்கப்போகிறதாம், ரிமோட் வேண்டுமாம். வருகிறேன் மக்களே.